பழைய பிக்கப் ட்ரெய்லரோட மேடு ஏற மாட்டேங்குதா? முதல்ல ஆக்ஸில் ரேஷியோவைப் பாருங்க

2001 செவ்ரோலே சில்வராடோ பிக்கப், 5.3 லிட்டர் இன்ஜின், பின்னாடி 5,000 பவுண்டு ட்ரெய்லர், கொலராடோ ஐ-70 ஹைவேல ஐசன்ஹோவர் டனல் ஏத்தத்துல மணிக்கு 35 மைலுக்கு விழுந்துடுது, பவர் கூட்டுற சிப் போடலாமா, இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மாத்தலாமான்னு கேக்குறீங்க. ரெண்டும் வேணாம், காசு தண்டம்.

அந்த டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு, டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் பவரை விடும், அப்போ மேல போறதுக்குள்ள கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடுது, இதுக்கு வண்டிய திட்டி என்ன பண்றது.

க்ளவ் பாக்ஸைத் தொறந்து உள்ள இருக்குற ஸ்டிக்கர்ல ஜியூ6 (GU6)னு இருக்கான்னு பாருங்க, இருந்தா உங்க ஆக்ஸில் ரேஷியோ 3.42, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் 3.42 சுத்து சுத்தணும். அதை 4.10 ஆக்கினா எல்லா கியர்லயும் வீலுக்குப் போற இழுவை 20 சதவீதம் கூடும், இன்ஜின்ல கையே வைக்காம. ஆனா 4 வீல் டிரைவ்னா முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்ஸில் கியரையும் மாத்தணும், செலவு கடிக்கும், ஸ்பீடோமீட்டரையும் சரி பண்ணணும், ஹைவேல பெட்ரோலும் கொஞ்சம் கூட குடிக்கும்.

அதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் அடைச்சிருக்கான்னு பேக் பிரஷர் (புகை வெளிய போக முடியாம திரும்ப அழுத்துற அழுத்தம்) பாத்துடுங்க. நான் ஒரு தடவை பிளக், ஃபில்டர்னு ரெண்டு மாசம் மாத்திட்டே இருந்தேன், கடைசில பாத்தா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள உருகி அடைச்சுக் கெடந்துச்சு 😅

ஓட்டும்போது பாரம் இழுக்குறதுக்கான டோ/ஹால் பட்டனை அமுக்கி ரெண்டாவது கியர்ல 4,000 ஆர்பிஎம்ல விடுங்க, அந்த இன்ஜினுக்கு முழு டார்க் (சுத்துற விசை) அங்கதான், கத்தும், கத்தட்டும். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கிற டிரான்ஸ்மிஷன் கூலர் மட்டும் பெருசா ஒண்ணு போட்டுக்கோங்க.