இன்டக்சன் அடுப்பு ஒன் ஆகவில்லையா? பியூஸ் வாங்க ஓடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் இன்டக்சன் அடுப்பு 2,000 வோட்ஸ். 2022இல் காஸ் தட்டுப்பாட்டு நேரம் வாங்கியது. நேற்றிரவு கறி வைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. அதன்பிறகு அடுப்பு ஒன் ஆகவே இல்லை. லைற்றும் இல்லை, சத்தமும் இல்லை. பியூஸ் மாற்றினால் சரிவரும் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: பியூஸ் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த அடுப்புகளில் உள்ளே இருக்கும் பியூஸ் சும்மா போவது அரிது. அதைப் போக வைத்த பாகம் உள்ளே உள்ள சேர்க்கிட் பலகையிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் பியூஸை மட்டும் போட்டால், சுவிச்சைப் போட்ட கணமே 'டப்' என்று புதியதும் போய்விடும். அதோடு முன்பு தப்பிய இன்னும் இரண்டு பாகங்களும் சேர்ந்து போகலாம்.

முதலில் திறக்காமல் பார்க்க வேண்டியவை. அடுப்பைச் செருகும் பிளக் பேஸில் கரண்ட் வருகிறதா என்று போன் சார்ஜரைக் குத்திப் பார்ப்பது போதாது. சார்ஜர் இழுப்பது மிகச் சிறிய கரண்ட். உள்ளே கருகிப்போன தொடுப்பிலும் அது வேலை செய்யும். உங்கள் அடுப்பு 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கிறது. ஆகவே கரண்ட் கேத்தலையோ அயனையோ அதே பிளக் பேஸில் போட்டுப் பாருங்கள். அவை சூடாகாவிட்டால் பழுது சுவரில்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குசினியில் இன்னும் 5 அம்பியர் வட்டக் குத்திப் பிளக் பேஸ்தான். அதில் அடப்டர் வைத்து இந்த அடுப்பை ஓட்டினால் நாளடைவில் பித்தளை சூடாகி இளகிவிடும். பிளக்கின் குத்தியில் கறுப்பு, பிளாஸ்ரிக் உருகிய அடையாளம், மீன் நாற்றம் போன்ற ஒரு கருகல் மணம் இருந்தால் அதுதான் காரணம். மல்ரி பிளக்கும் அதே கதைதான். சதுரக் குத்தி 13 அம்பியர் பிளக் என்றால், அதற்குள்ளேயே ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. அதைக் கழற்றிப் பாருங்கள். 3 அல்லது 5 என்று எழுதியிருந்தால் இந்தச் சுமைக்கு அது தாங்காது. 13 போட வேண்டும்.

செருகியதும் மெயின் போர்டில் ஏதாவது விழுகிறதா? எது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். றிப் சுவிச் விழுந்தால் கரண்ட் பூமிக்கு ஒழுகுகிறது: பெரும்பாலும் ஈரம், அல்லது உள்ளே செத்துக் கிடக்கும் கரப்பான். பிரேக்கர் மட்டும் விழுந்தால் உள்ளே சோர்ட்.

இவ்வளவும் சரியாக இருந்து அடுப்பு அசையவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். மல்ரிமீற்றர் (கரண்ட், வோல்ற் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவர் மட்டும் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் டயோட்டுக்குப் பின்னால் இருக்கும் 5 மைக்ரோபரட் கப்பாசிற்றரில் (மின்னைச் சேர்த்து வைக்கும் பாகம்) 325 வோல்ற் வரை நிற்கும். மீற்றரை டி.சி.யில் வைத்து அது 5 வோல்ற்றுக்குக் கீழே வந்துவிட்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். மின்சாரம் உள்ள நேரத்தில், பாகங்களின் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீற் சிங்கைத் தொடவே வேண்டாம். அதிலும் கரண்ட் இருக்கலாம்.

வயர் பலகைக்குள் நுழையும் இடத்தில் 12 அல்லது 15 அம்பியர் பியூஸ். அது போயிருந்தால் அதன் பக்கத்திலுள்ள வட்டத் தட்டைப் பாருங்கள். நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில், 471 என்று எழுதியிருக்கும். அதுதான் வரிஸ்ரர். கரண்ட் திரும்ப வரும்போது வோல்ற்றேஜ் துள்ளினால், அது தன்னைச் சோர்ட் ஆக்கிக்கொண்டு பியூஸைப் போக வைக்கும். உங்கள் அடுப்பு கரண்ட் வந்த நேரத்தில் போனதால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அது வெடித்துக் கறுத்திருந்து, மற்றவை நல்லதாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வரிஸ்ரரும் பியூஸும் மாற்றினால் போதும், செலவு சொற்பம்.

வரிஸ்ரர் நல்லதாக இருந்தால் ஹீற் சிங்கில் இறுக்கியிருக்கும் இரண்டையும் அளந்து பாருங்கள்: நாலு கால் பிரிட்ஜ் டயோட், கொயிலுக்குப் போகும் கரண்டை வேகமாக விட்டு நிறுத்தும் மூன்று கால் ஐ.ஜி.பி.ரி. மீற்றரை டயோட் நிலையில் வைத்து, ஐ.ஜி.பி.ரி.யின் எழுத்து உங்களைப் பார்த்திருக்க, நடுக்காலுக்கும் வலக்காலுக்கும் வையுங்கள். ஒரு பக்கம் 0.4 அல்லது 0.5 காட்டி, மீற்றரின் இரு வயர்களையும் இடம் மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டாமல் விட வேண்டும். இரு பக்கமும் 'பீப்' அடித்தால் அது சோர்ட். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் சோர்ட் இருந்தாலும் போய்விட்டதுதான்.

ஐ.ஜி.பி.ரி போயிருந்தால் அதே இலக்கத்தை வாங்கி, சூட்டைக் கடத்தும் புது வெள்ளைப் பசை பூசி இறுக்குங்கள். ஆனால் அங்கேயே நிற்கக்கூடாது. கொயிலோடு (கண்ணாடிக்குக் கீழுள்ள செப்புச் சுருள்) சேர்ந்து வேலை செய்யும் 1,200 வோல்ற் கப்பாசிற்றரையும் கழற்றி அளந்து பாருங்கள். 0.3 மைக்ரோபரட் என்று எழுதியிருப்பது 0.25 காட்டினால், அடுத்த ஐ.ஜி.பி.ரி.யையும் அதுவே கொல்லும். காற்றாடி கையால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். கீழ்ப்பக்கத் துளைகளில் எண்ணெயும் தூசும் ஒட்டி அடைத்திருப்பதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை.

முதற்தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வோட்ஸ் பழைய மஞ்சள் பல்ப்பை அடுப்புக்குப் போகும் ஒரு வயரின் இடையில் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பல்ப் ஒருகணம் மின்னி அடங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் சோர்ட் இன்னும் இருக்கிறது. ஆனால் பல்ப் இருப்பதால் புதுப் பாகங்கள் தப்பும். எல்.இ.டி பல்ப் இதற்கு உதவாது.

பியூஸ் நல்லதாகவே இருந்து அடுப்பு செத்துக் கிடந்தால், காற்றாடிக்கும் மூளைப் பலகைக்கும் 18, 5 வோல்ற் கொடுக்கும் சிறு பகுதி போயிருக்கும். எட்டுக் கால் ஐ.சி., அதற்கு முன்னுள்ள சிறு றெசிஸ்ரர், தலை வீங்கிய கப்பாசிற்றர், இந்த மூன்றில் ஒன்று. இது வேலை தெரிந்தவருக்கு விட வேண்டியது.

லைற் வந்து பொத்தான் மட்டும் வேலை செய்யாத அடுப்பு வேறு விடயம். முதலில் சைல்ட் லொக்கை மூன்று செக்கன் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பால் பொங்கி உள்ளே இறங்கியிருந்தால் பொத்தான்களுக்கு அடியிலுள்ள சிறு சுவிச்சுகள் பழுதாகியிருக்கும், அவை மாற்றக்கூடியவை. ஒன் ஆகி 'பீப் பீப்' அடித்து நின்றுவிடுகிறதா? அலுமினியச் சட்டியோ மண்சட்டியோ வைத்திருப்பீர்கள். அடியில் காந்தம் ஒட்டாவிட்டால் சூடாகாது.

இனிமேல் கரண்ட் போனால் அடுப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சமைத்து முடிந்ததும் சுவர்ச் சுவிச்சை உடனே அணைக்காதீர்கள். முதலில் அடுப்பின் பொத்தானை அழுத்தி, காற்றாடி தானாக நின்ற பிறகு அணையுங்கள். கண்ணாடியில் வெடிப்பு விழுந்திருந்தால், அடுப்பு ஒன் ஆனாலும் பாவிக்க வேண்டாம்: ஊற்றும் தண்ணீர் நேரே பலகைக்குத்தான் போகும்.