ரிப்போர்ட் வேறு கைக்குப் போனால்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறோம். போன வாரம் ஒருவருடைய ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வேறொருவருக்குப் போய்விட்டது. இனி எப்படித் தடுப்பது? புதிய சட்டம் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், நோயாளியின் மானம் இன்றைக்கே உங்கள் கையில் இருக்கிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் இரண்டு விதமாக நடக்கும்: எண்ணில் ஓர் இலக்கம் மாறும், அல்லது ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். நோயாளி எதிரில் நிற்கும்போதே எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். முதலில் பில் எண்ணை மட்டும் அனுப்பி, பதில் வந்த பிறகு ரிப்போர்ட்டை அனுப்புங்கள். பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு வையுங்கள், அதை நேரில் சொல்லுங்கள். ஃபைல் பெயரில் பில் எண் மட்டும் போதும். 'எச்ஐவி' என்று பெயரிட்டால் பாஸ்வேர்டு இருந்தும் பயனில்லை. ஊழியரின் சொந்த போனிலிருந்து அனுப்பவே கூடாது. அவர் வேலையை விட்டுப் போகும்போது எல்லாருடைய ரிப்போர்ட்டும் அவரோடு போய்விடும்.

ரிப்போர்ட் வேறொருவருக்குப் போய்விட்டால் உடனே அந்த மெசேஜை அழித்துவிடுங்கள். ஆனால் அது போய்ச் சேர்ந்தவர் அதற்குள் டவுன்லோடு செய்திருக்கலாம், ஆகவே உரியவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புதிய கடமைகள் அமலுக்கு வந்ததும், அவருக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் தர வேண்டும். தெரிவிக்கத் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

அடுத்து உங்கள் கவுண்டர் நோட்டைப் பாருங்கள். பெயர், போன் எண், டெஸ்ட் மூன்றும் ஒரே வரியில், விரித்தபடி கிடக்கிறதா? வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படித்துவிடுவார். எச்ஐவி விவரத்துக்கு 2017-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எழுத்துப்பூர்வ சம்மதமின்றி வெளியிட முடியாது, விதிவிலக்குகள் மிகச் சில. டெஸ்ட் பெயருக்குக் குறியீடு போடுங்கள்.

ஆதார் நகல் வாங்குகிறீர்களா? சர்க்கரை டெஸ்ட்டுக்கு அது எதற்கு? வாங்காத காகிதம் தொலையாது. எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் கணினியைத் திறந்தால், யார் எதைப் பார்த்தார்கள் என்பது தெரியவே தெரியாது. ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். சம்மதப் படிவம் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கட்டும். விளம்பர மெசேஜ்களுக்கான சம்மதத்தை அதில் சேர்க்காமல் தனியே கேளுங்கள்.