எந்த லோக்கல்ஹோஸ்ட், யாரோட லோக்கல்ஹோஸ்ட்?

அண்ணா வணக்கம்,

சின்ன டீம்ல டெவலப்பரா இருக்கேன். எங்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வெளியில ஒரு சர்வர்ல ஓடுது, எஸ்எஸ்ஹெச் டன்னல் (என்க்ரிப்ட் பண்ணின தனி வழி) போட்டுத்தான் உள்ள போகணும்னு சொன்னாங்க. போட்டேன், ஒரு எர்ரரும் வரல. ஆனா டேபிளைத் திறந்தா போன மாசம் என் லேப்டாப்ல டெஸ்டுக்கு வச்சிருந்த பழைய டேட்டாதான் நிக்குது, புது ஆர்டர் ஒண்ணு கூட இல்ல. ரெண்டு நாளா மண்டைய உடைச்சிக்கிறேன். நான் அடிச்சது இதுதான்:

எஸ்எஸ்ஹெச் -என் -எல் 3307:லோக்கல்ஹோஸ்ட்:3306 யூசர்@சர்வர்

இது ஓடிட்டு இருக்கும்போதே இன்னொரு விண்டோல மைஎஸ்க்யூஎல் கிளையண்ட்டுக்கு ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3307னு குடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டா டன்னல் வேற தானா செத்துடுது. கூட வேலை பாக்குறவன் "எதுக்குடா இந்த வம்பு, ஃபயர்வால்ல 3306ஐ திறந்துவிட்டுட்டு பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா வச்சிக்கோ"ங்கிறான். செய்யலாமா? பேர் போட வேணாம் அண்ணா.

*

தம்பி வணக்கம்,

டன்னல் நல்லாத்தான் இருக்கு, நீதான் அது வழியா போகல.

லினக்ஸ், மேக் மாதிரி மெஷின்ல மைஎஸ்க்யூஎல் கிளையண்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட், அதாவது "இந்த மெஷினே"ங்கிற வார்த்தை ஒரு தனி சமாச்சாரம். அதைப் பார்த்ததும் நெட்வொர்க் பக்கமே போகாது, அதே மெஷின்ல இருக்கிற சாக்கெட் ஃபைலை (ஒரே மெஷினுக்குள்ள புரோகிராம்கள் பேசிக்கிற வாசல்) பிடிச்சு நேரா உள்ள போயிடும், நீ பக்கத்துல 3307னு போர்ட் குடுத்திருந்தாலும் அதைக் கண்டுக்காது, கண்டுக்கலைன்னு உன்கிட்ட சொல்லவும் சொல்லாது. உன் லேப்டாப்லயும் அதே யூசர், அதே பாஸ்வேர்டு, அதே டேட்டாபேஸ் பேர் வச்சிருப்ப, அதான் கதவு சத்தமில்லாம திறந்துடுச்சு. பாஸ்வேர்டு வேறயா இருந்திருந்தா ஒரு எர்ரராவது வந்து ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

லோக்கல்ஹோஸ்ட்னு எழுதின இடத்துல 127.0.0.1னு போடு. அதுவும் இதே மெஷினோட முகவரிதான், ஆனா சாக்கெட்டை விட்டுட்டு போர்ட் வழியா போகும். போர்ட் குடுக்கிற -பி பெரிய எழுத்து, சின்ன -பி பாஸ்வேர்டுக்கு, இதுல குழம்பாத ஆளை நான் இன்னும் பாக்கல. உள்ள போனதும் முதல் வேலையா "செலக்ட் @@ஹோஸ்ட்நேம்"னு ஒரு க்வெரி ஓட்டு. சர்வரோட பேர் வந்தா சரியான இடத்துல நிக்கிற, லேப்டாப் பேர் வந்தா இன்னும் சொந்த வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கன்னு அர்த்தம்.

இப்ப உன் முதல் கமாண்டுக்கு வா, அதுலயும் ஒரு லோக்கல்ஹோஸ்ட் நடுவுல உக்காந்திருக்கு பாரு, அது உன் லேப்டாப் கிடையாது. இடது பக்கம் இருக்கிற 3307 மட்டும்தான் உன் மெஷின்ல திறக்கிற வாசல். அதுக்கப்புறம் வர்ற பேரும் 3306ம் அப்படியே டன்னல் வழியா அந்தப் பக்கம் போகுது, அங்க சர்வர்தான் அதைப் படிச்சு "ஓ, எனக்குள்ளயே 3306க்குப் போகணுமா"ன்னு புரிஞ்சிக்குது. ஒரே வார்த்தை, ஒரு கமாண்ட்ல சர்வரைக் குறிக்குது, அடுத்த கமாண்ட்ல உன் லேப்டாப்பைக் குறிக்குது. நான் ரெண்டு இடத்துலயும் 127.0.0.1னே எழுதிடுவேன், அந்த வார்த்தையோட சகவாசமே வேணாம்னு.

இதுலேருந்து இன்னும் ரெண்டு விஷயம் தானா விளங்கும். டேட்டாபேஸுக்கு உன் கனெக்ஷன் இன்டர்நெட்லேருந்து வர்ற மாதிரியே தெரியாது, சர்வர்லயே இருக்கிற எஸ்எஸ்ஹெச் புரோகிராம்தான் வந்து தட்டுற மாதிரி தெரியும். அதனால மைஎஸ்க்யூஎல் யூசரை எல்லா ஐபிக்கும் சதவீதக் குறி போட்டுத் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்ல, சர்வருக்குள்ளேருந்து வந்தா மட்டும் விடுன்னு வச்சா போதும். அப்புறம், டேட்டாபேஸ் வேற ஒரு மெஷின்ல, இந்த சர்வருக்குப் பின்னாடி இருந்தா நடுவுல அதோட உள் ஐபியைப் போடுவோம் இல்லையா, அப்ப என்க்ரிப்ஷன் எஸ்எஸ்ஹெச் சர்வரோட முடிஞ்சுடும், அங்கேருந்து டேட்டாபேஸ் வரைக்கும் உள்ள கடைசித் துண்டுக்கு அது பொறுப்பு கிடையாது. டன்னல் போட்டாச்சு எல்லாமே பத்திரம்னு நினைச்சிட்டு அந்தத் துண்டை மறந்துடுறவங்கதான் அதிகம். அந்த நெட்வொர்க் மேல உனக்கு நம்பிக்கை இல்லன்னா டேட்டாபேஸ் கனெக்ஷன்லயும் டிஎல்எஸ் என்க்ரிப்ஷன் போடணும்.

உன் ஃப்ரெண்டு சொன்னதுக்கு வர்றேன். வேணாம். 2012ல மைஎஸ்க்யூஎல்லயும் அதுலேருந்து பிரிஞ்ச மரியாடிபிலயும் ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பாஸ்வேர்டு சரியான்னு ஒப்பிட்டுப் பாக்குற இடத்துல கணக்கு தப்பி, சில பில்டுகள்ல தப்பான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் குடுத்தா சுமாரா 256ல ஒரு தடவை உள்ள விட்டுடும். யூசர் பேர் மட்டும் தெரிஞ்சா போதும், ரூட்ங்கிற அட்மின் பேர் யாருக்குத் தெரியாது, ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்கு கண்ணிமைக்கிற நேரத்து வேலை. பாஸ்வேர்டு 40 எழுத்து வச்சிருந்தவனுக்கும் அதே கதிதான். 3306ஐ வெளிய காட்டாதவன் மட்டும் நிதானமா அப்டேட் போட்டுக்கிட்டான். எஸ்எஸ்ஹெச்சோட போர்ட் 22ம் திறந்துதானே இருக்குன்னு அவன் கேப்பான், நியாயமான கேள்விதான், ஆனா அதுல பாஸ்வேர்டு லாகினை நிறுத்திட்டு கீ ஃபைல் மட்டும் வச்சிக்கலாம், அதுவும் பொறந்ததே இதுக்குத்தான். 1995ல பின்லாந்துல டாட்டு யூலோனென்ங்கிறவர், பல்கலைக்கழக நெட்வொர்க்ல பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டு எடுத்துட்டாங்கன்னு எழுதின புரோகிராம்தான் எஸ்எஸ்ஹெச்.

டன்னல் சாகுறதுக்குக் காரணம் பெரும்பாலும் நடுவுல இருக்கிற ரவுட்டரோ ஃபயர்வாலோ, சத்தமில்லாத கனெக்ஷனை மறந்துடும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்ல சர்வர்அலைவ்இன்டர்வல் 60னு வை, நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியா"ன்னு கேட்டுக்கும். கூடவே எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ். இது இல்லன்னா 3307ஐ ஏற்கனவே வேற எதாவது பிடிச்சிருந்தாலும் எஸ்எஸ்ஹெச் ஒரு வரி முணுமுணுத்துட்டு கனெக்ட் ஆகி நிக்கும், நீயும் எல்லாம் சரின்னு நினைச்சுப்ப.

ஒரு விஷயத்துல நீ குடுத்து வச்சவன், எனக்கு இதுக்கு நேர்எதிரா நடந்துச்சு. வேற மெஷின்ல லோக்கல் மைஎஸ்க்யூஎல் இல்லையேன்னு டன்னலுக்கு 3306ஐயே குடுத்து வச்சிருந்தேன். அதை மறந்துட்டு ஒரு நாள் ராத்திரி டெஸ்ட் டேட்டாவைத் துடைக்கிற ஸ்கிரிப்ட்டை 127.0.0.1:3306க்கு ஓட்டினேன், 2 செகண்ட்ல முடியுற ஸ்கிரிப்ட் ஏன் இவ்வளவு நேரம் இழுக்குதுன்னு ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருக்கும்போதே உள்ளுக்குள்ள என்னமோ பண்ணிச்சு. லைவ் டேபிள். பேக்கப் முந்தின ராத்திரியோடது, நடுவுல ஒரு பகல் பூரா வந்த ஆர்டரை மெயில்லேருந்து எடுத்து கையால திரும்ப ஏத்தினோம். கிளையண்ட் பேர் இங்க வேணாம். அதுலேருந்து லைவ் டன்னலுக்கு 13306 மாதிரி கண்ணுல குத்துற நம்பர்தான், அதுல போற யூசருக்கும் படிக்கிற உரிமை மட்டும்தான், எழுதணும்னா வேற யூசர், வேற பாஸ்வேர்டு, அதை ஒவ்வொரு தடவையும் கையால அடிக்கணும். எரிச்சலாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

127.0.0.1 போட்டும் கமாண்ட்லைன்ல சரியா வந்து உன் ஆப்ல மட்டும் பழைய டேட்டாவே வந்தா, ஆப்போட கான்ஃபிக் ஃபைலைத் திற. பிஹெச்பியும் லோக்கல்ஹோஸ்ட்னு பார்த்தா சாக்கெட்டுக்குத்தான் ஓடும்.