இரண்டு, ஐந்து, எட்டு, மறுபடியும் இரண்டு

நீங்கள் கேட்டது இது. சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் யாராவது லேசாக இருமினால் மறுநாள் முகக்கவசத்தோடு வருகிறார்கள். எம்ஆர்டி ரயிலிலும் சிலர் இன்னும் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் கொவிட் பேச்சை எடுத்தால் மேசையே அமைதியாகிவிடுகிறது. ஊரில் ஊரடங்கு போனதும் எல்லாரும் மறந்துவிட்டார்களே, இங்கே கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது மக்கள் சந்தோஷப்பட்டார்களா, பயந்தார்களா, இல்லை சும்மா தலையாட்டினார்களா?

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. நான் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, அதில் பாதிதான் உண்மை. தெருவில் இறங்கி யாரும் கத்தவில்லை, சரி. முணுமுணுப்பும் எரிச்சலும் சந்தேகமும் கோப்பிக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நிறையவே இருந்தன. அப்புறம், இங்கே தளர்வு ஒரே நாளில் வந்து முடியவில்லை. கிட்டத்தட்ட மூன்று வருடம் இழுத்தது. அதை நாங்கள் தலைகளை எண்ணி எண்ணித்தான் கடந்தோம்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாம் மூடியிருந்தது. சர்க்கிட் பிரேக்கர் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் அந்த எட்டு வாரம்தான். நடுவில் பபிள் டீ கடைகளையும் மூடப்போகிறார்கள் என்று ஒரு மாலை அறிவிப்பு வந்தது, அன்று இரவே அந்தக் கடைகள் முன்னால் அப்படி ஒரு வரிசை. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். என் மகளும் அந்த வரிசையில் நின்றவள்தான், நான் சிரிக்கவில்லை.

ஜூன் 2 அன்று முதல் கட்டத் தளர்வு. என்ன தளர்ந்தது தெரியுமா? ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர், நாளுக்கு ஒரு முறை, தங்கள் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ போய்ப் பார்க்கலாம். அவ்வளவுதான். எங்கள் மாடியில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், மூன்று பிள்ளைகள். பாட்டி வீட்டுக்கு அப்பாவோடு யார் போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு விழாத சின்னவன் அழுத சத்தம் எங்கள் வீட்டு வரைக்கும் கேட்டது. அந்த வீட்டில் தளர்வின் முதல் நாள் அழுகையோடுதான் ஆரம்பித்தது.

ஜூன் 19 முதல் ஐந்து பேர் கூடலாம். டிசம்பர் 28 முதல் எட்டு பேர். 2021 பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சரியாக எட்டு விருந்தாளிகள். ஒன்பதாவதாக ஒரு தோழி வரட்டுமா என்று கேட்டாள், நான் வேண்டாம் என்று சொன்னேன். பதினைந்து வருடப் பழக்கம். அவள் புரிந்துகொண்டதாகச் சொன்னாள், ஆனால் அதற்கப்புறம் பேச்சில் ஒரு சின்னப் பிசிறு இருக்கத்தான் செய்கிறது. இந்த மாதிரி விஷயங்களை எந்தக் கணக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எட்டோடு ஏறிக்கொண்டே போயிருந்தால் கதை வேறு. போகவில்லை. டெல்டா வகைக் கிருமி வந்ததும் 2021 மே 16 முதல் மறுபடி இரண்டு பேர், கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஜூன் 21 அன்று இரண்டு பேர் உட்காரலாம். ஜூலை 12 அன்று ஐந்து பேர். பத்தே நாளில், ஜூலை 22 அன்று, மறுபடி யாரும் உட்காரக் கூடாது. கேடிவி என்கிற கரவோக்கே கூடங்களிலும் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலும் தொற்று கிளம்பியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் ஜனங்கள் வாய்விட்டுத் திட்டியது அந்த வாரம்தான் என்பேன். வீட்டில் பெற்ற தாயை எண்ணிக்கை பார்த்துச் சந்தித்த ஊர் இது. ராத்திரிக் கூத்துக்குப் போனவர்களால் மறுபடி பூட்டு என்றதும் பொறுக்க முடியவில்லை. மீன் விற்றவர்கள் பாவம், அவர்களையும் சேர்த்துத்தான் திட்டினார்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடை வைத்திருக்கும் அங்கிள் அந்த வருடம் நான் போகும்போதெல்லாம் கேட்பார், "இன்றைக்கு எத்தனை?" மேசைகளைச் சுற்றிக் கட்டும் சிவப்பு வெள்ளை நாடாவை ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் தூக்கிப் போடாமல் பத்திரமாகச் சுருட்டிக் கல்லாவுக்குக் கீழே வைப்பார். தளர்வைப் பற்றி இந்த ஊர் என்ன நினைத்தது என்று கேட்டால் எனக்கு அந்த நாடாச் சுருள்தான் நினைவுக்கு வரும்.

ஆகஸ்ட் கடைசிக்குள் 80 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். ஊசி போட்டால் திறக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். ஆகஸ்ட் 10 முதல் ஊசி போட்டவர்கள் ஐந்து பேர் சேர்ந்து சாப்பிட்டோம், செப்டம்பர் 27 அன்று திரும்ப இரண்டு. நாங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் ஒரு மேசை, அவரும் மகளும் தள்ளி இன்னொரு மேசை. காலையில் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்ட நான்கு பேர் மத்தியானம் தோசைக்கு அந்நியர்களாக உட்கார்ந்திருந்தோம். மகன் அங்கிருந்து தன் அக்காவுக்குக் கையசைத்தான், பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். ஒரே வீட்டார் ஐந்து பேர் சேர்ந்து உட்காரலாம் என்று வந்தது நவம்பர் 10 அன்றுதான்.

இப்போது முகக்கவசம். 2022 மார்ச் 29 முதல் திறந்தவெளியில் அது கட்டாயமில்லை. அதற்கு முன்னால் போடாமல் பிடிபட்டால் முதல் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அன்று காலை பேருந்து நிறுத்தத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். எல்லார் முகத்திலும் அப்படியே இருந்தது, என் முகத்திலும்தான். பயம் மட்டும் காரணம் இல்லை. பேருந்தில் ஏறினால் போட வேண்டும், இறங்கினால் கழற்றலாம், கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் மறுபடி. யார் இதற்கு மெனக்கெடுவது? அது ஒன்று. இன்னொன்று அந்த நாடாச் சுருள்: இன்று கழற்று என்பார்கள், அடுத்த மாதம் போடு என்பார்கள், இருக்கட்டுமே. மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு இருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஆகஸ்ட் 29 அன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கட்டாயம் போனது. எங்கள் பிரிவில் 2020க்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேரின் முழு முகத்தை அந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒருவருக்கு மீசை இருந்தது. இரண்டு வருடமாக அவரை மீசையில்லாதவராகவே மனதில் வைத்திருந்தேன், என்னவோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது.

டிரேஸ்டுகெதர் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ. கடை, கோயில், மருந்தகம் எங்கே நுழைந்தாலும் செயலியையோ அந்தச் சின்ன வில்லையையோ காட்ட வேண்டும். தொற்றுத் தடம் பார்க்க மட்டும் என்று முதலில் சொன்னார்கள். குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்க முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. வழக்கமாக அரசாங்கத்துக்காகப் பேசும் என் பக்கத்து வீட்டு ஐயாவே, "முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றார். இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்படிச் சொன்னால் அது பெரிய கோபம், நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிப்ரவரியில் ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். 2022 ஏப்ரல் 26 முதல் பெரும்பாலான இடங்களில் காட்ட வேண்டியதில்லை. ஆட்களின் எண்ணிக்கை வரம்பும் அன்றோடு போனது. அதற்கப்புறமும் பல வாரம் கடை வாசலில் என் கை தானாகக் கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

கொண்டாட்டம் என்று நான் கண்ணால் பார்த்தவை இரண்டுதான். ஒன்று 2022 ஏப்ரல் 1, நள்ளிரவில் ஜொகூர் கடற்பாலம் முழுசாகத் திறந்தது. அது 2020 மார்ச் 18 முதல் முடங்கிக் கிடந்த பாலம். தினமும் அந்தக் கரையிலிருந்து வந்து வேலை பார்த்த மலேசியர்கள் இங்கே அறை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். உங்கள் சாப்பாட்டு மேசையில் மலேசியர் யாராவது இருக்கிறாரா? என் சக ஊழியர் ஒருவருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. அவர் திரும்பப் போய்ப் பார்த்தபோது குழந்தை ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவரிடம் வரவில்லை. அவர் முன்னால் யாராவது "கொவிட் சமயத்தில் வீட்டிலிருந்து வேலை, ஜாலிதான்" என்று ஆரம்பித்தால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். உங்கள் மேசையின் அமைதிக்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கும்.

இரண்டாவது, 2023 பிப்ரவரி 5, தைப்பூசம். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் காவடி இல்லை, நடை ஊர்வலம் இல்லை. அன்று பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை மறுபடி சாலை முழுக்கக் காவடி. நான் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் அன்று விடிகாலை சிராங்கூன் சாலையில் நின்று அழுதேன். அதற்கு எட்டு நாள் கழித்து எம்ஆர்டியிலும் பேருந்திலும் முகக்கவசக் கட்டாயம் போனது, அந்தச் செய்தியைப் பாதிதான் படித்தேன்.

நீங்கள் வேலை பாஸில் வந்தவர், அதனால் இதையும் சொல்ல வேண்டும். குடியுரிமை, நிரந்தரவாசம், பாஸ் என்று கையில் இருந்த காகிதத்தைப் பொறுத்துத்தான் தளர்வு வந்தது. 2021 ஏப்ரல் 23 இரவிலிருந்து இந்தியாவிலிருந்து பாஸ்காரர்கள் உள்ளே வர முடியாது என்றார்கள், அக்டோபர் 26 இரவு வரை அப்படித்தான். பிரசவத்துக்குத் திருச்சி போன ஒரு தோழி அந்தப் பக்கம், புருஷன் இந்தப் பக்கம். எனக்கு நிரந்தரவாசம் இருந்ததால் தனிமைப்படுத்திக்கொண்டு வரலாம். அவளிடம் போனில் பேசும்போது அதை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

எல்லாருக்கும் கடைசியில் வெளிநாட்டு ஊழியர்களின் தங்குவிடுதிகள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், தூரத்து உறவில் தம்பி முறை, 2019ல் கட்டுமான வேலைக்கு வந்தவன். 2020 ஏப்ரலில் விடுதி பூட்டப்பட்டது. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அந்த டிசம்பரில் அரசாங்கமே சொன்னது. அதே மாதம்தான் நாங்கள் எட்டு பேர் கூடலாம் என்று குதித்தோம். அவனுக்கு வேலைக்கு வண்டி, வேலை முடிந்தால் அறை, அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் ஒரு சோதனைத் திட்டம் வந்தது: ஊசி போட்ட ஊழியர்கள் வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் வெளியே வரலாம். ஐந்நூறு! அவனுக்கு அது கிடைக்கவில்லை. விடுதியை விட்டு வெளியே வர முன்அனுமதி வேண்டாம் என்று ஆனது 2022 ஜூன் 24 அன்று. அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா மாதிரி நான்கு இடங்களுக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும்.

அவன் அந்த அனுமதி எடுத்து ஒரு ஞாயிறு வந்தான். சாப்பிடக் கூட்டிப்போகலாம் என்று இடமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "உட்கார வேண்டாம் அக்கா, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது" என்றான். லிட்டில் இந்தியாவில் தேக்காவிலிருந்து ஃபேரர் பார்க் வரை நடந்து போய், திரும்பி, மறுபடி போனோம். எனக்குக் கால் வலித்தது. அவன் கடைகளைப் பார்க்கவில்லை, வழியில் போகிறவர்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சரி, நீங்கள் கடைசியாகக் கேட்டது, உங்களுக்கு இருமல் வந்தால் போட வேண்டுமா என்று. போடுங்கள். சட்டம் இல்லை, போடாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் மெதுவாக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போவார். மேசை இழுப்பறையில் பத்து முகக்கவசமும் கொவிட் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளும் ஒரு ஏஆர்டி சோதனைப் பெட்டியும் வைத்திருங்கள். கோப்பிக்கடை அங்கிள் அந்த நாடாவை இன்னும் வைத்திருக்கிறார், போன மாதம் கூடக் கேட்டேன்.