ஊசி போட்டால் ஆறுகிறது, இரண்டு வாரத்தில் திரும்புகிறது: புல்டாக்கின் பாதப் புண்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எங்கள் புருனோ மூன்று வயது இங்கிலீஷ் புல்டாக், ஆண். ஒரு வயதிலிருந்தே பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பான். இப்போது முன்னங்கால் விரல் இடுக்குகளில் சிவப்பாகக் கட்டி கிளம்பி, உடைந்து, ரத்தமும் சீழும் வருகிறது. முகத்து மடிப்புகளிலும் நாற்றம். ஊசியும் மாத்திரையும் கொடுத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கிறான்; அப்புறம் பழையபடி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தோல் கிரீமும் தடவுகிறோம். வேப்பெண்ணெயும் மஞ்சளும் போதும் என்கிறார் மாமியார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா? கிராஸிங்குக்கு வேறு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கட்டியும் சீழும் அல்ல. ‘ஒரு வயதிலிருந்தே நக்கிக்கொண்டே இருப்பான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முதலில் வந்தது அரிப்பு. புண் அதற்குப் பின்னால் வந்தது. இதுவரை நடந்த வைத்தியமெல்லாம் புண்ணுக்குத்தான் நடந்திருக்கிறது. அரிப்பு ஏன் வருகிறது என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. அது தெரியாதவரை எத்தனை ஊசி போட்டாலும் புண் திரும்பத்தான் செய்யும்.

விரல் இடுக்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். புல்டாக்கின் பாதம் அகலமானது, விரல்கள் விரிந்திருக்கும், உடம்போ கனம். விரல்களுக்கு நடுவே உள்ள தோலில் குட்டையான, விறைப்பான முடி. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த முடி மயிர்க்காலுக்குள்ளேயே திரும்பக் குத்தப்படுகிறது. நக்கி நக்கித் தோல் ஊறிப்போய் வீங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒரு கட்டத்தில் மயிர்க்கால் உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். முடித் துண்டு தோலின் ஆழத்தில் சிக்கிக்கொண்டால், உடம்பு அதை முள் ஏறியதைப்போலவே நினைத்து எதிர்க்கிறது. அங்கே கிருமியும் சேர்ந்தால் நீங்கள் பார்க்கிற அந்தச் சிவப்புக் கட்டி. பெரும்பாலும் முன்னங்காலில், வெளிப்பக்க விரல்களுக்கு இடையேதான் வரும், ஏனென்றால் எடை அதிகம் இறங்குவது அங்கே. பலரும் இதைச் சிஸ்ட் என்கிறார்கள். சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி; இது அது இல்லை. ஊசி வைத்து உறிஞ்சியோ, விரலால் பிதுக்கியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிதுக்கினால் உள்ளே இன்னும் ஆழமாகப் பரவும்.

மேல்தோல் ஒரு வாரத்தில் மூடிவிடும். உள்ளே இருக்கிற சீழ்ப்புண் ஆற பல வாரம் ஆகும். பாதி வழியில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவதும், அடுத்த முறை வேறொன்றைத் தொடங்குவதும் மருந்தை எதிர்க்கக் கிருமியைப் பழக்கிவிடுகிற வேலை. எப்போது நிறுத்துவது என்பதை, பாதத்தைத் தொட்டு அழுத்திப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சரி, அரிப்பு எங்கிருந்து? ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கி, பாதம், முகம், காது, அக்குள், தொடை இடுக்கு என்று வருகிற அரிப்புக்கு முதல் சந்தேகம் ஒவ்வாமைதான். வீட்டுத் தூசியில் இருக்கிற நுண்ணிய சிற்றுண்ணி, பூஞ்சை, மகரந்தம் இவற்றால் வரலாம், சாப்பாட்டாலும் வரலாம். கடற்கரை ஊர்க்காற்றின் ஈரத்தில் முதல் இரண்டும் செழித்து வளரும். புருனோவின் காதைத் திறந்து பாருங்கள். பழுப்பு நிற அழுக்கும் புளித்த வாடையும் இருந்தால் அங்கே ஈஸ்ட் பூஞ்சையும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நக்குகிற இடத்தில் வெள்ளை முடி செம்பழுப்பாக மாறியிருக்கும், அது எச்சிலின் கறை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது: டெமோடெக்ஸ். மயிர்க்காலுக்குள் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி இது. ஆரோக்கியமான நாயிடமும் கொஞ்சம் இருக்கும். சில நாய்களில், குறிப்பாகப் புல்டாக் இனத்தில், கட்டுமீறிப் பெருகும். பாதத்தில் மட்டும் வந்தால் பார்க்க அப்படியே உங்கள் புருனோவின் புண் மாதிரிதான் இருக்கும்.

இங்கேதான் அந்த ஊசியைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு வாரம் தணிந்து பிறகு திரும்புகிறது என்றால், அது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். என்ன காரணத்தால் வந்த அரிப்பானாலும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும். வேதனைப்படுகிற நாய்க்கு உடனே நிம்மதி கொடுக்கத்தான் போட்டிருப்பார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் டெமோடெக்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் பூச்சி தாராளமாகப் பெருகும். கடையில் வாங்கிய கிரீமும் அநேகமாக ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்ததுதான். தோலை மெலியவைக்கும், நோயை மறைக்கும், நக்குவதால் தடவிய அடுத்த நிமிடம் வயிற்றுக்குள்ளும் போகும். அதை இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்; அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தேவையான சோதனைகள் எளியவை. தோலை ஆழமாகச் சுரண்டியும் சில முடிகளைப் பிடுங்கியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் டெமோடெக்ஸ் தெரியும். ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் பாக்டீரியாவா, ஈஸ்ட்டா, இரண்டுமா என்று தெரியும். இவ்வளவு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருப்பதால் சீழை எடுத்துக் கல்ச்சர் சோதனையும் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது) செய்வது நல்லது. உங்கள் பக்கத்தில் வசதி இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்டலாம்.

டெமோடெக்ஸ் இருந்தால் பயப்பட வேண்டாம். ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை மாத்திரைகள் வந்த பிறகு இது முன்னைப்போல் பெரிய போராட்டம் இல்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்துப் பூச்சி இல்லை என்று வரும்வரை தொடர வேண்டும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதே மருந்து உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்லும். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் அந்தப் பாதுகாப்பு வருடம் முழுக்கத் தேவை.

சாப்பாட்டு ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையில் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது. எட்டு வாரம் பத்தியம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோழியும் சோறும், தயிர் சாதம், பாலில் நனைத்த பிஸ்கெட் என்றுதான் ஊகிக்கிறேன். நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. புருனோ இதுவரை சாப்பிடாத ஒரு புரதம் வேண்டும். மீனே தொடாதவன் என்றால் முள் நீக்கி வேகவைத்த மீன். தின்று பழகியவன் என்றால் பன்றி இறைச்சி. அல்லது ஒவ்வாமை நாய்களுக்கென்றே புரதத்தை நுணுக்கி உடைத்துச் செய்த உணவு. இந்த எட்டு வாரமும் பிஸ்கெட், சுவையூட்டிய மாத்திரை, குழந்தை கையிலிருந்து விழுகிற தோசைத் துண்டு எதுவும் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பத்தியம் வீணாவது பெரும்பாலும் பாசத்தால் தரும் ஒரு வாய்த் துண்டில்தான். எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால், பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு மறுபடி வந்தால்தான் சாப்பாடு காரணம் என்று உறுதி.

சாப்பாடும் பூச்சியும் காரணம் இல்லையென்றால், சுற்றுப்புற ஒவ்வாமை என்று முடிவுக்கு வருவோம். அதற்கு ஓக்லாசிட்டினிப், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஸ்டீராய்டைவிட நீண்ட நாளுக்கு ஏற்றவை, ஆனால் கிருமித்தொற்றை ஆற்றிய பிறகே தொடங்க வேண்டும். ‘முழுக்கக் குணமாகிவிடுமா’ என்று கேட்டால், பெரும்பாலான புல்டாக்குகளுக்கு இல்லை என்பதே என் பதில். கட்டுப்பாட்டில் வைத்து நிம்மதியாக வாழவைக்க முடியும்.

அந்தக் கட்டுப்பாட்டில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்தாலும், மழைத் தண்ணீரில் நடந்து வந்தாலும், நல்ல தண்ணீரில் பாதத்தைக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். கழுவுவதைவிட உலர்த்துவதுதான் முக்கியம். வாரம் இரண்டு முறை குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த நாய் ஷாம்பூவைப் பாதத்திலும் மடிப்புகளிலும் தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாது. முகமடிப்பைத் தினமும் துடையுங்கள், கண்ணில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாலுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். பல புல்டாக்குகளுக்கு அங்கே ஆழமான குழி ஒன்று இருக்கும். நாய் வளர்க்கிற பலருக்கே அது இருப்பது தெரியாது. நாற்றமும் புண்ணும் அங்கே மறைந்திருக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். எடை கூடியிருந்தால் குறைத்தே ஆக வேண்டும், பாதத்தில் இறங்கும் பாரம் குறைந்தால் கட்டியும் குறையும். அதற்காக வெயிலில் ஓடவிடாதீர்கள். தட்டை மூக்கு நாய்க்குச் சூட்டில் மூச்சுத் திணறும், உயிரே போகலாம். விடியற்காலை நடை போதும்.

உங்கள் மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணெய் மடிப்புக்குள் தங்கி ஈரத்தை வெளியே விடாது. நக்கினால் வாந்தியும் வரலாம். மஞ்சள் பூசினால் தோலின் சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் போகும். இந்தத் துடைக்கிற, உலர்த்துகிற பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், உங்களைவிடப் பொறுமையாகச் செய்வார்.

குழந்தையைப் பற்றி: ஒவ்வாமையும் டெமோடெக்ஸும் ஒட்டாது. சொறிப்பூச்சியும் படர்தாமரையும் ஒட்டும். வீட்டில் யாருக்காவது புதிதாக அரிப்போ வட்டமான தடிப்போ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சீழைக் குழந்தை தொட வேண்டாம். நாயைத் தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிராஸிங்குக்குக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒவ்வாமையும், உடம்பெங்கும் பரவும் டெமோடெக்ஸும் வழிவழியாக வருபவை. முகத்தில் மடிப்பு வேண்டும், கால் வளைந்திருக்க வேண்டும், மூக்கு தட்டையாக வேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உடம்பு இது. அதன் வலியைப் புருனோ அனுபவிக்கிறான். அவனுடைய குட்டிகளும் அனுபவிக்க வேண்டாம். கருத்தடை செய்துவிடுவது நல்லது. மயக்க மருந்து கொடுப்பதில் இந்த இனத்துக்குத் தனிக் கவனம் தேவை என்பதால் அனுபவமுள்ள இடத்தில் செய்யுங்கள்.

நொண்டினாலோ, சாப்பிட மறுத்தாலோ, பாதம் முழுக்க வீங்கிச் சூடாக இருந்தாலோ காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். போவதற்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே ஷாம்பூவோ, மருந்துத் திரவமோ பாதத்தில் போடாதீர்கள். சுத்தமாகக் கழுவிக் கூட்டிப்போனால் கண்ணாடித் தகட்டில் கிருமி தெரியாமல் போகலாம். இதுவரை கொடுத்த மாத்திரை அட்டைகள், அந்தக் கிரீம் டியூப், ஊசிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.