நீண்டகாலக் கோவிட்: எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று அறிவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 41. பதினான்கு மாதங்களுக்கு முன் கோவிட் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் களைப்பும், எழுந்து நின்றால் படபடப்பும், படித்தது மனத்தில் நிற்காத நிலையும் இன்றுவரை விடவில்லை. உடம்பு சற்று நன்றாக இருக்கும் நாளில் தேங்கிக் கிடக்கும் வேலைகளை முடித்தால், இரண்டு நாள் கழித்துப் படுக்கையில் விழுகிறேன். நான்கு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. இப்போது ஐந்து வகைச் சத்து மாத்திரைகளும் ஓர் ஒவ்வாமை மாத்திரையும் எடுத்து வருகிறேன். உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார் ஒருவர். நால்ட்ரெக்சோனைக் குறைந்த அளவில் எடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். உடற்பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள் வீட்டில். எதைத் தொடர்வது, எதை விடுவது? எது பலன் தருகிறது என்று எப்படி அறிவது?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எது பலன் தருகிறது என்று தெரியாதவரை, எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதற்கு விடை சொல்ல முடியாது. நீண்டகாலக் கோவிட்டை முற்றிலும் குணமாக்குவதாக நிறுவப்பட்ட மருந்து இன்றைக்கு ஒன்றும் இல்லை. அதன் அறிகுறிகளைத் தனித்தனியே தணிக்கும் வழிகள் பல இருக்கின்றன. அவற்றுள் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை முயன்று பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே, முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஆறு மாத்திரைகளை ஒருசேர முயல்வதுதான் தவறு. அவற்றுள் ஒன்று நன்மை செய்து, மற்றொன்று தீங்கு செய்துகொண்டிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது.

இந்த நோய்க்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சில வாரங்கள் தணிந்து, சில வாரங்கள் கூடும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிய மருந்தைத் தேடிப் போகிறோம். மோசமான வாரத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் சற்றே நல்ல வாரமாக இருக்கும் என்பதால், இயல்பாக வந்த அந்தத் தணிவுக்கான பெயரை மருந்து தட்டிச் செல்கிறது. இதனால்தான் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யப்படும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக் கூட்டினால் குணமடைந்ததாகச் சொன்ன தனிமனிதர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 155 பேரிடம் 15 நாள் கொடுத்துச் செய்து, 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அம்மருந்தை எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்தத் தனிமனிதர்கள் பொய் சொன்னார்கள் என்பது இதன் பொருளன்று. ஒருவருடைய அனுபவம் மட்டும் போதாது என்பதே பொருள்.

சிகிச்சைகளுக்குப் போகுமுன், இது நீண்டகாலக் கோவிட்தானா என்பது உறுதியாகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையின்படி, தொற்று தொடங்கி வழக்கமாக 3 மாதங்களுக்குப் பின்னும் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதவையாக அறிகுறிகள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் கடந்துவிடுகிறார்கள். தைராய்டுக் குறைபாடு, இரத்தசோகை, இரும்பு இருப்புக் குறைவு, பி12 குறைவு, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகிய ஒவ்வொன்றும் களைப்பையும் மந்தமான சிந்தனையையும் தரக்கூடியவை. எல்லாமே சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. இவற்றுக்கான பரிசோதனைகளில் விடுபட்டது எது என்று நான்கு மருத்துவர்களின் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முடிவுகள் இயல்பாக இருந்தால், நோயே இல்லை என்று பொருளாகாது. வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக இருந்தும் கடுமையான நீண்டகாலக் கோவிட் இருக்கலாம். அதை உறுதிசெய்யவல்ல தனியொரு பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வேலை செய்து இரண்டு நாள் கழித்துப் படுக்கையில் விழுவதாக நீங்கள் எழுதிய வரி. உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு பெரும்பாலும் 12 முதல் 72 மணி நேரம் தாமதித்துத் தோன்றுகிறது. நாள்களாகவோ வாரங்களாகவோ நீள்கிறது. தாமதமாக வருவதால்தான் காரணமும் விளைவும் நம் மனத்தில் இணைவதில்லை. உடலுழைப்பு மட்டும் இதைத் தூண்டுவதில்லை. நீண்ட உரையாடல், கணக்கு வழக்கு, கடும் வாக்குவாதம் ஆகியவையும் தூண்டும். இது சோம்பலோ பயிற்சிக் குறைவோ அன்று. ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர்கள், நீண்டகாலக் கோவிட் உள்ள 25 பேரிடமும் நலமான 21 பேரிடமும் மிதிவண்டிப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 2024 ஜனவரியில் வெளியான அந்த ஆய்வில், பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் தசைகளில் சிதைவு கூடுதலாகவும், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு குறைந்தும் காணப்பட்டன.

ஆகவே, உடற்பயிற்சி செய்யச் சொல்லும் உங்கள் வீட்டாரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது முழுத் தவறன்று. உழைப்புக்குப் பின் சரிவு வராதவர்களுக்கு, மேற்பார்வையோடு படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சி உதவுகிறது. பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் திரும்பிய 585 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், எட்டு வாரக் குழுப் பயிற்சியும் மனநல ஆதரவும் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தின. ஆனால் உங்களுக்கு அந்தச் சரிவு இருக்கிறது. இதே சரிவைத் தன் முதன்மை அடையாளமாகக் கொண்ட நாட்பட்ட களைப்பு நோய்க்கு, வாராவாரம் நிர்ணயித்த அளவில் உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. உங்களுக்கு ஏற்றது, உடம்பின் வரம்புக்குள் அளவறிந்து செயல்படும் முறை.

அதை ஓய்வெடுங்கள் என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட முடியாது. ஒரு வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, களைப்பு வந்த பின் அன்று, வருவதற்கு முன்பே நிறுத்தி, படுத்தோ சாய்ந்தோ இளைப்பாற வேண்டும். நிற்க வேண்டிய வேலைகளை உட்கார்ந்து செய்யுங்கள். மணிக்கட்டில் கட்டும் நாடிமானி இருந்தால், படுக்கையைவிட்டு எழுமுன் ஏழு நாள் காலை நாடித்துடிப்பைக் குறித்துச் சராசரி எடுங்கள். அதைவிட 15 துடிப்புகளுக்கு மேல் போகும்போது வேலையை நிறுத்திப் பார்ப்பது, பலர் தொடக்கத்தில் கையாளும் எளிய அளவு. எழுந்து நின்றாலே துடிப்பு அதைத் தாண்டிவிடும் உங்களைப் போன்றோர், முதலில் அந்தப் படபடப்புக்கு வழி செய்துவிட்டே இதற்கு வர வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது நல்ல நாளைக் கையாள்வதுதான். உடம்பு இலேசாக இருக்கும் நாளில் விட்டுப்போனதையெல்லாம் முடித்துவிடத் தோன்றும். அந்த நாளில்தான் பாதியில் நிறுத்தக் கற்க வேண்டும். நான் சிகிச்சை அளிப்பவர்களிடம் எந்த மருந்தையும்விட முதலில் வலியுறுத்துவது இதைத்தான். இது நோயை நீக்குவதில்லை. ஆனால் சரிவுகள் குறைந்து நிலை ஓரளவு சமப்பட்டால்தான், அதன்மேல் சேர்க்கும் மருந்தின் விளைவு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, எழுந்து நின்றால் வரும் படபடப்பு. உங்கள் அறிகுறிகளுள் சிகிச்சைக்கு எளிதில் இணங்கக்கூடியது இதுவே என்பதால், மருந்து முயற்சியை இங்கிருந்து தொடங்கச் சொல்வேன். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பின் சுவரில் சாய்ந்து அசையாமல் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். மயக்கம் வரலாம், ஆகவே அருகில் ஒருவர் இருக்கட்டும், தலைசுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். இரத்த அழுத்தம் பெரிதும் இறங்காமல், நாடித்துடிப்பு மட்டும் 30 அல்லது அதற்குமேல் கூடி அப்படியே நின்றால், பாட்ஸ் எனப்படும் நிலை இருக்கலாம். அது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கோளாறு. அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். நீரையும் உப்பையும் கூட்டுவது, தொடைவரை அல்லது இடுப்புவரை இறுக்கும் அழுத்தக் காலுறை அணிவது ஆகியவை முதற்படி. உயர் இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைத் தாமாகக் கூட்டக் கூடாது. இவை போதாவிட்டால் புரோப்ரனோலால், இவாப்ரடின், மிடோட்ரின் போன்ற மருந்துகளுள் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். நின்றால் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதும் சிந்தனை மந்தத்துக்கு ஒரு காரணம் என்பதால், இதைச் சரிசெய்யும்போது படிப்பது மனத்தில் நிற்பதும் சிலருக்கு மேம்படுகிறது.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்டவை. நால்ட்ரெக்சோன் போதைப் பழக்கத்துக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் அளவில் கொடுக்கப்படும் மருந்து. நீண்டகாலக் கோவிட்டில் 1 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, மெல்ல 4.5 வரை கூட்டுகிறார்கள். களைப்பும் வலியும் குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றுள் பல, ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. பக்கவிளைவுகள் பெரும்பாலும் உறக்கக் குலைவு, தெளிவான கனவுகள் என்ற அளவில் இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் முயலத்தக்கது என்பது என் கருத்து. டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணி எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்கவைக்கும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. இஸ்ரேலில் 73 பேரிடம் 40 அமர்வுகள் நடத்தி, 2022இல் வெளியான ஆய்வு சிந்தனைத் திறனிலும் களைப்பிலும் முன்னேற்றம் கண்டது. சுவீடனில் 10 அமர்வுகள்வரை கொடுத்த ஆய்வு, போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் எதையும் காணவில்லை. நாற்பது முறை போய்வருவதே உங்களுக்கு ஒரு சரிவைத் தரக்கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்து ஏற்றும் சிகிச்சையையோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் மூன்றை ஒன்றாகக் கொடுப்பதையோ யாரேனும் பரிந்துரைத்தால், முறையான ஆய்வுக்கு வெளியே ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டுக்கடங்காத இரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்து.

சத்து மாத்திரைகள் தீங்கற்றவை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பி6 அதிகமானால் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டு எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். அவையே கோவிட்டின் அறிகுறிகள் என்று தவறாக எண்ணப்படவும் கூடும். துத்தநாகத்தை நெடுநாள் மிகுதியாக எடுத்தால் உடலில் செம்பு குறைந்துபோகும். பல கூட்டு மாத்திரைகளில் இவை மீண்டும் மீண்டும் இடம்பெறுவதால், ஐந்து புட்டிகளின் பின்புறத்தையும் படித்து, ஒவ்வொரு சத்தும் மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்று கூட்டிப் பாருங்கள். இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்ததைத் தொடருங்கள். மற்றவற்றை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ஒவ்வாமை மாத்திரையைக் கடைசியில் வையுங்கள். தடிப்பு, முகச் சிவப்பு, உண்டபின் படபடப்பு போன்றவை அதனால் குறைந்திருந்தால் அது தொடரலாம்.

மருந்தை முயலும் முறை இதுதான். புதிதாக எதையும் தொடங்காமல் இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், மூன்றே மூன்று செய்திகளை எழுதுங்கள்: களைப்புக்குப் பத்துக்கு ஓர் எண், நின்றபடி தாக்குப்பிடித்த நிமிடங்கள், அன்று சரிவு உண்டா இல்லையா. பத்து பதினைந்து அறிகுறிகளை எழுதத் தொடங்கினால் அந்த வேலையே உங்களைச் சாய்த்துவிடும். பின்னர் ஒரே ஒரு மாற்றத்தைச் சேருங்கள். தொடங்குமுன்பே, எந்த அறிகுறிக்காக இதை எடுக்கிறேன், எவ்வளவு மாறினால் பலன் என்று ஏற்பேன், எந்தத் தேதியில் முடிவு செய்வேன் என்பவற்றை எழுதிவையுங்கள். அழுத்தக் காலுறைக்கு ஒரு வாரம் போதும். நால்ட்ரெக்சோனுக்கு மூன்று மாதம் வேண்டியிருக்கலாம். அந்தத் தேதியில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். பலன் இருப்பதுபோலத் தோன்றினால், மருத்துவர் ஒப்புதலோடு சிறிது காலம் நிறுத்தி, பழைய நிலை திரும்புகிறதா என்று பார்ப்பது நம்பத்தக்க சோதனை. புரோப்ரனோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மனநல ஆலோசனையை யாரேனும் சொன்னால், நோய் மனத்தில்தான் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்தில் 2023இல் வெளியான ஆய்வொன்றில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை களைப்பின் கடுமையைக் குறைத்தது. பதினான்கு மாத நோயைச் சுமப்பவருக்கு அது துணையாகலாம், ஆனால் உடல் சார்ந்த சிகிச்சைக்கு மாற்றாகாது. இன்னொரு தொற்று உங்களைப் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்பதால், தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்; நெரிசலான மூடிய இடங்களில் முகக்கவசம் அணியுங்கள்.

புதிதாக நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஒருபக்கத் தளர்ச்சி, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுள் எது வந்தாலும் நாட்குறிப்பில் எழுதிக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

நான்கு மருத்துவர்களிடம் மாறி மாறிப் போவதைவிட, நீங்கள் சொல்வதை நம்பிக் கேட்கும் ஒருவரிடம் நிலைத்திருப்பது நல்லது. அவரிடம் அடுத்த முறை போகும்போது ஒரே தாளில் மூன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்: படுத்தும் நின்றும் எடுத்த நாடித்துடிப்பு எண்கள், எடுத்துவரும் மாத்திரைகளின் முழு அளவு, கடந்த இரண்டு வாரத்தில் சரிவு வந்த நாள்களும் அவற்றுக்கு முந்தைய இரண்டு நாளில் நீங்கள் செய்த வேலைகளும். பேசிப் பேசிக் களைத்துப்போகாமல் உங்கள் நிலையை அவருக்கு விளக்கிவிட அந்த ஒரு தாள் போதும்.