ஒரு கட்டத்துக்கு ஒரு படை – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடி ‘சிவிலைசேஷன்’ ஆடுகிறோம், கட்டங்களில் முறைவைத்து நகர்த்தி ஒரு நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டம். ஒவ்வொரு பாகத்துக்கும் விதி வகுக்கும் லீட் டிசைனர் என்ற பேச்சை எடுத்தாலே சண்டைதான். நான்காம் பாகத்தில் தொடங்கியவர்களுக்கு சோரன் ஜான்சனோடு எல்லாம் முடிந்துவிட்டது, ஐந்தில் ஜான் ஷேஃபர் வந்து ‘ஒரு கட்டத்துக்கு ஒரு படை’ என்று கெடுத்துவிட்டார். ஐந்தில் வந்தவர்களோ ஆறைச் செய்த எட் பீச்சைத் திட்டுகிறார்கள். ஏழில் நம் சோழர் இருக்கிறார்கள் என்று துள்ளியவர்கள்கூட, அது வெளியானபோது ஆட்டத்தின் நடுப்பகுதியில் மட்டும்தான் சோழராக ஆட முடியும் என்று தெரிந்ததும் கட்சி மாறிவிட்டார்கள். ஒரு ஆள் மாறினால் உண்மையிலேயே இவ்வளவு மாறுமா? அடுத்து ஒரு புது ஆள் வந்தால், வாங்கலாமா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ச.
பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

மாறும். இந்தத் தொடரில் மாறியே ஆக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மூன்றில் ஒரு பங்கு பழையபடி, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முழுக்கப் புதிது என்று, ஆட்டத்தைத் தயாரிக்கும் ஃபிராக்சிஸ் நிறுவனத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1996-இல் இரண்டாம் பாகத்துக்கு பிரையன் ரெனால்ட்ஸ், 2005-இல் நான்காம் பாகத்துக்கு ஜான்சன், 2010-இல் ஐந்துக்கு ஷேஃபர், 2016-இல் ஆறுக்கு பீச் என்று யார் வந்தாலும் அந்த மூன்றிலொரு பங்கில் கைவைக்கத்தான் வந்தார்கள். அதனால் ஆளைப் பற்றிய சண்டையில் பயனில்லை. எந்த விதியை எடுத்தார், அந்த விதி அதுவரை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று கேளுங்கள்.

உங்கள் கூட்டத்தின் பெரிய சண்டையையே எடுத்துக்கொள்வோம். முதலிரண்டு பாகங்களில் ஒரே கட்டத்தில் எத்தனை படையை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆனால் நகரத்துக்கும் கோட்டைக்கும் வெளியே காவல் படை தோற்றால் அந்த அடுக்கு மொத்தமும் காலி. அடுக்குக்கு அந்தப் பயமே கடிவாளம். மூன்றில் அந்தப் பயம் போனது. நான்கில், கவண்பொறி மோதினால் அடுக்கிலுள்ள பல படைகளுக்குச் சேர்ந்தாற்போல் அடிபடும் என்றானது. அதற்கு மருந்து இன்னும் பெரிய அடுக்கு. ‘ஸ்டாக் ஆஃப் டூம்’ என்று ரசிகர்களே கிண்டல் செய்தது அதைத்தான்.

ஷேஃபர் அதை ஒரே வெட்டாக வெட்டினார்: அறுகோணக் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு போர்ப்படை. சண்டை அழகானது. ஆனால் பத்தமடையில் பாய் நெய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாவு நூலை 50-இலிருந்து 100 ஆக்கினால் கோரையையும் அதற்கேற்ப மெல்லிசாகக் கிழிக்க வேண்டும், ஒரு பாய்க்கு ஆகிற நாளும் கூடும். பாவை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போக முடியாது. இங்கேயும் அதே கதைதான். வரைபடத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. பழைய வேகத்தில் படை பிறந்தால் தேரோட்டத்தன்று ரதவீதியில் மாட்டிய வண்டிபோல எதுவும் நகராது. ஆகவே படை பிறக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. படை மட்டும் மெதுவாக, கட்டடம் மட்டும் வேகமாக என்று வைக்க முடியாது, எனவே எல்லா உற்பத்தியும் மந்தமானது. தொடக்கத்தில் ‘நெக்ஸ்ட் டர்ன்’ பொத்தானை வெறுமனே அமுக்கிக்கொண்டிருக்கிறோமே, அதன் மூலம் இதுதான்.

கணினியே ஆடும் எதிராளியான ஏஐ ஐந்தில் திணறியதற்கும் இதே காரணம். அடுக்கை ஓட்ட ஒரே கணக்குப் போதும்: நம் பலம் அதிகமா, போ. பத்துப் படையைப் பத்துக் கட்டத்தில் நிறுத்துவதென்றால், வில்லாளி பின்னால், வாள்வீரன் முன்னால், ஆற்றைக் கடக்கையில் யார் முதலில் என்று கணக்கு பெருகிக்கொண்டே போகும். வில்லாளியை முன்வரிசைக்கு அனுப்பிச் சாகக் கொடுப்பதை நீங்கள் ஐந்தில் பார்த்திருப்பீர்கள். இந்தச் சிக்கல்களை ஷேஃபரே பின்னாளில் எழுதி ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் அவர் வெளியாள் இல்லை, ரசிகராக மோட் செய்துகொண்டிருந்து, அதாவது ஆட்டத்தைத் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டிருந்து, உள்ளே போனவர். ‘நம்ம ஆளு ஒருத்தன் கையில் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

அந்த விதியை அடுத்து வந்தவர் தூக்கி எறியவில்லை. ஆறில் ஒரே வகைப் படை இரண்டைச் சேர்த்து கோர், மூன்றைச் சேர்த்து ஆர்மி ஆக்கலாம். ஆனால் கோருக்கே ஆட்டத்தில் பிற்பாடு திறக்கும் ‘நேஷனலிசம்’ வரை காத்திருக்க வேண்டும், அதுவரை பழைய நெரிசல்தான். ஏழில் தளபதி வந்தார். நான்கு படையை அவருக்குள் மடித்து வைத்து நடத்திப் போய்ச் சண்டைக்களத்தில் பிரித்து நிறுத்தலாம். அனுபவப் புள்ளியும் படைக்கு அல்ல, தளபதிக்கு. அதாவது பயணத்துக்கு அடுக்கு, சண்டைக்கு ஒரு கட்டம் ஒரு படை. 2010-இல் விழுந்த முடிச்சு முழுசாக அவிழ இரண்டு பாகம் ஆனது. என் கணிப்பில் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த திருத்தம் இது. அதைப் பற்றி உங்கள் குழுவில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஐந்தின் ஆட்கள் பீச்சைத் திட்டுவது ஒரு வேடிக்கை. ஐந்தாம் பாகம் வெளியானபோது அதில் மதம் இல்லை, ஒற்றர் இல்லை. அவை வந்தது 2012-இன் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ எக்ஸ்பான்ஷனில், அதாவது பின்னால் வந்த கூடுதல் தொகுப்பில். வணிகப் பாதைகள் 2013-இன் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டில். இரண்டுக்கும் லீட் டிசைனர் அதே எட் பீச்தான்.

சோழர் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் கோபம் நியாயம்தான், ஆனால் குறி தவறு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்று ஃபிராக்சிஸ் கண்டது. அதற்காக ஆட்டத்தை மூன்று யுகமாகப் பிரித்து, யுகத்துக்கொரு நாகரிகம் என்று வைத்தார்கள். அப்படி வைத்தால் மௌரியருக்குப் பின் சோழர், பின் முகலாயர் என்று வரிசை கட்டத்தான் வேண்டும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டே சோழரையும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பால் இருந்த சமகாலத்தவராகச் சொல்கிறது, அதில் மௌரியர் ‘பிறகு’ சோழராவது எங்கே? ஆனால் இது அறியாமையால் வந்த பிழையாகத் தெரியவில்லை. சோழருக்குக் கலம் என்று கப்பல், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடம், இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் என்று வணிகக்குழுப் பெயர்களைத் தேடி எடுத்தவர்களுக்குக் கல்வெட்டு தெரியாமலிருக்காது. யுக விதி இழுத்த இழுப்பு அது. (கொற்கையை வைத்துக்கொண்டு பாண்டியர் இல்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு.)

இனி வாங்குவது பற்றி. புது லீட் அதற்குமுன் செய்த எக்ஸ்பான்ஷனை ஆடிப் பாருங்கள், பேட்டிகளைவிட அது நன்றாகச் சொல்லும். மோட் செய்ய எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்றும் பாருங்கள். நான்கிலும் ஐந்திலும் ஆட்டத்தின் விதிகளை இயக்கும் டிஎல்எல் கோப்பின் மூலநிரலையே வெளியிட்டதால்தான் ரசிகர்களால் ஏஐ வரை திருத்த முடிந்தது.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஸ்டாண்டர்டு வேகத்தில் 2 மணி நேரம் ஆடினால் பக்கத்து நாட்டைப் பார்க்கவே சரியாகப் போய்விடும். வேகத்தை ‘ஆன்லைன்’ என்ற விரைவான அளவில் வையுங்கள், வரைபடம் சிறியது, ஒரே கண்டம், நடுத்தரக் கடினம். இரண்டாவது நகரம் வைத்ததும் பக்கத்து நாட்டின் மீது போர் அறிவித்து, நீங்கள் தாக்காமல் உட்கார்ந்திருங்கள். அது வில்லாளியை எங்கே நிறுத்துகிறது, அடிபட்ட படையைப் பின்னுக்கு இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெனுவில் சும்மா நின்றாலும் அந்த 2 மணி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கிராஃபிக்ஸ் செட்டிங்கை முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.